‘மேலே’ என்றால் கீழே பார்க்கிறார்கள்: பிரெஞ்சு உயிரொலியைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டுகிறேன். வருபவர்களுக்காக பிரெஞ்சு படிக்கிறேன். ‘மேலே’, ‘கீழே’ இரண்டுக்குமான பிரெஞ்சுச் சொற்கள் என் காதில் ஒன்றுபோல ‘தெஸூ’ என்றே விழுகின்றன. மாடியைச் சொன்னால் தரையைப் பார்க்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் இது திருந்துமா?

பதில்: திருந்தும். உங்கள் காது தமிழுக்குப் பழகிய காது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் வெகு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. 1992இல் பேச்சொலி ஆய்வாளர் பாட்ரிசியா குல் குழுவினர் அமெரிக்க, சுவீடன் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஆறு மாதத்திலேயே தாய்மொழியின் உயிரொலிகளுக்கு ஏற்பக் கேட்கும் விதம் மாறியிருந்தது.

‘கீழே’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் (dessous) கடைசி ஒலி ஏறக்குறைய நம் ஊகாரம். இதழை இன்னும் இறுக்கிக் குவித்தால் போதும். சிக்கல் ‘மேலே’க்கான சொல்லில்தான் (dessus). அதில் நாக்கு ஈகாரத்தின் இடத்திலேயே நிற்க, இதழ் மட்டும் ஊகாரத்துக்குப்போல் குவிகிறது. தமிழில் இப்படி ஒரு தனி உயிர் கிடையாது. தொல்காப்பியம் இதழ் குவிந்து பிறப்பவையாகச் சொல்வது உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்தைத்தான். நம் வாயில் இதழ் குவிந்தால் நாக்கும் கூடவே பின்னுக்குப் போய்விடும். பேச்சில் ‘பிள்ளை’ ‘புள்ள’ ஆவதையும் ‘பெட்டி’ ‘பொட்டி’ ஆவதையும் கவனியுங்கள். பகரத்துக்கு இதழ் சேர, உயிரும் குவிந்து பின்னே நகர்ந்துவிடுகிறது (அடுத்து வரும் ள், ட் ஒலிகளுக்கும் இதில் பங்குண்டு).

ஆனால் இதழையும் நாக்கையும் பிரித்து இயக்க நமக்குத் தெரியாமல் இல்லை. ‘பாட்டு’, ‘காசு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசிக் குற்றியலுகரத்தில் இதழ் குவிவதில்லையே!

கண்ணாடி முன் நின்று ‘ஈ’ என்று நீட்டுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடியே இருக்கட்டும். ஒலியை நிறுத்தாமல், விசிலடிப்பதுபோல இதழை மட்டும் குவியுங்கள். ‘யூ’ என்று வந்தால் நாக்கு நழுவிவிட்டது, மறுபடி ஈயிலிருந்து தொடங்குங்கள். நோட்டில் ‘யூ’ போட்டு எழுதிவைக்கவே வேண்டாம். பிழை அப்படியே பதிந்துவிடும்.

காதுக்கும் பயிற்சி வேண்டும். ஒரே ஆசிரியர் குரல் போதாது. ஆண், பெண் எனப் பல குரல்களில் இவ்விரு சொற்களையும் கலந்து கேட்டு, எது என்று சொல்லி, விடையை உடனே சரிபாருங்கள்.

வயதை நினைத்துத் தயங்காதீர்கள். பாரிசில் பல ஆண்டுகள் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்து பேச்சொலி ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளேகே 1987இல் வெளியிட்ட கட்டுரையில், ஆங்கிலத்தில் இல்லாத இந்தப் புது ஒலி அவர்களுக்கு நன்றாகவே வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே தோன்றிய ஊகாரத்தில்தான் தாய்மொழிச் சாயல் தங்கிவிட்டது.

இது கைவந்ததும், ‘இரண்டு’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் (deux) உயிரையும் இதே வழியில் பிடிக்கலாம்: ஏகாரத்தில் நாக்கை நிறுத்தி, ஓகாரத்துக்குப்போல் இதழைக் குவியுங்கள். இரண்டு மணிக்கு வாருங்கள் என்று சொல்ல அது உங்களுக்குத் தினமும் தேவைப்படும்.