மடிப்பில் வெடிக்கும் அட்டை, மஞ்சளேறும் ஆல்பம்: வாசகர் கேள்விகள்

வாழ்த்து அட்டை, ஸ்கிராப்புக், காகிதக் கைவேலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் கைவினைக் குழுவின் பதில்கள்.

கே: ஏ4 அட்டையை நடுவில் மடித்து வாழ்த்து அட்டை செய்தால் மடிப்பில் வண்ணம் வெடித்து வெள்ளைக் கோடு விழுகிறது. 250 ஜிஎஸ்எம் அட்டைதான் பயன்படுத்துகிறேன். இன்னும் தடிமனாக வாங்க வேண்டுமா?

ப: வேண்டாம், தடிமன் கூடினால் வெடிப்பும் கூடும். கோளாறு மடிக்கும் திசையில் இருக்கிறது. காகித ஆலையில் கூழ் ஓடும் போக்கிலேயே நார்களும் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. அந்தப் போக்கிலேயே மடித்தால் மடிப்பு வழுவழுவென்று விழும். குறுக்கே மடித்தால் நார் முறியும், மேலே உள்ள வண்ணப்பூச்சும் பிளந்துவிடும்.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க, அட்டையை மேசையில் வைத்து ஒரு ஓரத்தைத் தூக்கி எதிர் ஓரத்தின் மேல் கொண்டுவாருங்கள். மடிக்காமல், அந்த வளைவை உள்ளங்கையால் லேசாக அமுக்குங்கள். பிறகு அட்டையைத் திருப்பி வைத்து மற்ற இரண்டு ஓரங்களுக்கும் அப்படியே செய்யுங்கள். ஒரு பக்கம் கை சொன்னபடி கேட்கும். மறுபக்கம் ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும். எளிதாக வளைந்தபோது வளைவு எந்த வாக்கில் படுத்திருந்ததோ, அதுவே நாரின் திசை.

ஏ4 அட்டைகளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை நடுவில் மடித்து ஏ5 ஆக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. அதே தாளை முதலில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்து ஏ6 (105 × 148 மி.மீ.) அட்டையாக்கினால் மடிப்பு நாரோடு போகிறது. ஒரு தாளில் இரண்டு அட்டை கிடைக்கிறது, வெடிப்பும் இல்லை. பெரிய அட்டை தேவையில்லை என்றால் இதுவே எங்கள் பரிந்துரை.

பெரிதாகத்தான் வேண்டுமென்றால் மடிப்புக்கோட்டை முதலில் பள்ளமாக்கிக்கொள்ளுங்கள். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவோ பின்னல் ஊசியோ போதும். அடியில் பழைய வாரஇதழ் ஒன்றை வைத்து, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி இரண்டு முறை இழுங்கள். கத்தி வேண்டாம், அது நாரை அறுத்துவிடும். பலர் தவறுவது அடுத்த படியில்தான். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் எழும்பும் மேடு மடிப்பின் உள்ளே போக வேண்டும். கைக்குப் பள்ளத்துக்குள் மடிப்பதே இயல்பாகத் தோன்றும், ஆனால் அப்படி மடித்தால் வெளிப்புற நார் இழுபட்டு வெடிக்கும்.

வாங்கும்போது அட்டையின் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். உள்ளேயும் அதே நிறம் என்றால் கொஞ்சம் வெடித்தாலும் தெரியாது. உள்ளே வெள்ளை என்றால் மடிப்பின் மேல் அதே நிறக் கலர் பென்சிலைத் தேய்த்து மறைக்கலாம்.

கே: அட்டைக்கு ஏற்ற கவரைக் காலண்டர் தாளில் நாமே செய்ய முடியுமா? அளவு எப்படிக் கணக்கிடுவது?

ப: சதுரத் தாள் இருந்தால் போதும். அட்டையின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, 0.71 ஆல் பெருக்கி, 1 செ.மீ. சேருங்கள். ஏ6 அட்டைக்கு 14.8 + 10.5 = 25.3, அதை 0.71 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 18 வரும். ஆக 19 செ.மீ. சதுரம். சதுரத்தை வைர வடிவில் திருப்பி வைத்து, அட்டையை நடுவில் படுக்கவைத்து, இடது வலது மூலைகளை முதலில் மடியுங்கள். அடுத்து கீழ்மூலையை மேலே மடித்து ஒட்டுங்கள். மேல்மூலை மூடி. அட்டையை இறுக்கிப் பிடித்து மடித்தால் பிறகு உள்ளே நுழையாது. சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். அச்சடித்த பக்கம் வெளியே வந்தால் முகவரிக்கு ஒரு வெள்ளைத் துண்டு ஒட்ட வேண்டியிருக்கும்.

கே: ஸ்கிராப்புக் பக்கத்தில் காகிதம் ஒட்டினால் அலையலையாகச் சுருங்குகிறது. காய்ந்த பிறகு பக்கமே கிண்ணம் போல வளைகிறது. பசை குறைவாகத்தான் வைக்கிறேன்.

ப: வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. நனைந்த நார் பருத்துக்கொள்வதால் காகிதம் நாருக்குக் குறுக்காக விரிகிறது. பசை பட்ட இடம் விரிந்து, படாத இடம் அப்படியே நிற்பதால் அலை எழுகிறது. காயும்போது ஒட்டிய தாள் சுருங்கி அடித்தாளையும் இழுக்கிறது. கிண்ணம் அப்படி வருவதுதான்.

மெல்லிய தாளுக்கு கிளூ ஸ்டிக்கோ டபுள் சைடு டேப்போ போதும், அலையே வராது. வெள்ளைப் பசைதான் கையில் இருக்கிறது என்றால் பொட்டுப் பொட்டாக வைக்காதீர்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் தாள் முழுக்க, விளிம்பு வரை, கண்ணாடி போல மெல்லிசாக இழுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். அடியில் போட்ட கழிவுத்தாளை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் முகப்பில் பசை அப்பிக்கொள்ளும். ஒட்டிய பிறகு மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஒரு இரவு முழுக்க விடுங்கள். முதல் அரை மணி நேரத்தில் பட்டர் பேப்பரை ஒருமுறை மாற்றினால் ஈரம் உள்ளேயே தங்காது.

அட்டை ஏற்கெனவே வளைந்திருந்தால் அதன் பின்பக்கத்தில் அதே வகைத் தாளை, நார் அதே திசையில் ஓடும்படி ஒட்டுங்கள். இரு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நிமிரும்.

கே: பளபளப்பான பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசைப் பக்கத்தில் படத்தை வைத்து மூடும் பழைய ஆல்பத்தில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. பக்கங்கள் மஞ்சளாகிவிட்டன, படங்கள் வரமாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

ப: தாமதிக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. அந்தப் பசை நாளாக ஆக இறுகி, படத்தின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

முதலில், எதையும் எடுக்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்கு அருகே எது இருந்தது, யார் என்ன எழுதியிருந்தார்கள் என்பதும் ஆவணம்தான். முடிந்தால் படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்துவிடுங்கள். எடுக்கும்போது கிழிந்தாலும் முகம் தப்பிவிடும்.

பிறகு பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல், மெழுகு பூசாதது, ஒரு முழம் எடுங்கள். படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நூலை நுழைத்து, இரு கையாலும் பிடித்து, ரம்பம் இழுப்பது போல மெல்ல முன்னும் பின்னும் இழுங்கள். நூல் பக்கத்தோடு ஒட்டித் தட்டையாகப் போக வேண்டும். மேலே தூக்கினால் படம் மடியும், அந்த மடிப்பு போகவே போகாது. இழுக்கும்போது நூல் கிறுகிறுவென்று பசையை அறுப்பது விரலில் தெரியும். அந்த உணர்வு நின்றுபோனால் நிறுத்திவிட்டு வேறு மூலையில் ஆரம்பியுங்கள். ஒரேயடியாகப் பிடித்திருந்தால் பக்கத்தின் பின்புறம் ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில் சில விநாடி மட்டும் காட்டலாம். படத்தின் முகப்பில் சூடு காட்டவே கூடாது. அப்படியும் வரவில்லையா? பக்கத்தைப் படத்தைச் சுற்றி வெட்டி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிய்த்தெடுத்த படத்தைவிட அட்டையோடு இருக்கும் படம் மேல். ஒட்டிக்கொண்டிருக்கும் பசையை ஸ்பிரிட், தின்னர் எதனாலும் துடைக்க வேண்டாம். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள்.

புதிய ஆல்பத்தில்தான் சிக்கனத்துக்கு எல்லை உண்டு என்கிறோம். வாழ்த்து அட்டைக்கு எந்தக் கழிவுத்தாளும் சரி. படத்தைத் தொடும் தாள் மட்டும் ‘ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீ’ என்று அச்சிட்டதாக இருக்கட்டும். லிக்னின் என்பது மரக்கூழில் இருக்கும் பொருள். செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாவது அதனால்தான். புகைப்படத்தைக் கெடுக்காத பொருளா என்று பார்க்க ‘பிஏடி’ என்றொரு சோதனையே உண்டு, அதன் தரக்குறியீடு ஐஎஸ்ஓ 18916. உறை வாங்கினால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். பிவிசி வேண்டாம், மூக்கில் ஏறும் அந்தப் பிளாஸ்டிக் வாசனையே எச்சரிக்கை.

படத்தை ஒட்டவும் வேண்டாம். 4 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் தாள் துண்டு வெட்டி, இரு முனைகளையும் நடுக்கோட்டுக்குச் சாய்த்து மடித்தால் ஒரு முக்கோணப் பை கிடைக்கும். நான்கு மூலைக்கு நான்கு. பசை பையின் முதுகில் மட்டும். படம் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரும்.

பயணச்சீட்டு, ரசீது வைப்பவர்கள் கவனிக்க: வெப்பத்தில் அச்சாகும் தாள் என்றால் எழுத்து சில வருடங்களில் மறைந்துவிடும். நகத்தால் கீறிப் பாருங்கள், கருப்புக் கோடு விழுந்தால் அது அந்த வகைதான். நகல் எடுத்து அதை ஒட்டுங்கள்.

கே: குழந்தைகள் வரைந்த படங்கள் மலையாகக் குவிந்துவிட்டன. தூக்கிப்போட மனம் வரவில்லை.

ப: எல்லாவற்றையும் வைத்திருந்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். ஒவ்வொன்றின் பின்னும் வந்த அன்றே தேதியும் வயதும் பென்சிலில் எழுதுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் மூன்று வயதுப் படம் எது, ஐந்து வயதுப் படம் எது என்று யாருக்கும் தெரியாது. பெரிய தாள்களைப் பகல் வெளிச்சத்தில், மேலிருந்து நேராகப் படம் எடுத்து, ஒரு பக்கத்துக்கு நான்கு வீதம் சிறிதாக அச்சிடுங்கள். அசலில் எதை வைப்பது என்று குழந்தையையே கேளுங்கள், அவர்கள் தேர்வு நம்மை ஆச்சரியப்படுத்தும். ஸ்கெட்ச் பேனா நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் சுவரில் மாட்டும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். மெழுகு கிரேயான் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நிறம் அடுத்த தாளுக்கு ஏறும். இடையில் பட்டர் பேப்பர்.

கே: அட்டையைத் திறந்தால் எழுந்து நிற்கும் உருவம் செய்தேன். மூடினால் உருவத்தின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது!

ப: மடிப்பில் இணையாக இரண்டு வெட்டு வெட்டி உள்ளே தள்ளும் பெட்டி வகை என்று புரிந்துகொள்கிறோம். அதற்கு ஒரே கணக்குதான். மடிப்பிலிருந்து வெட்டின் நீளத்தையும் ஒட்டும் உருவத்தின் உயரத்தையும் கூட்டினால் அட்டையின் ஒரு பக்க அளவைவிடக் குறைவாக வர வேண்டும். பக்கம் 10.5 செ.மீ., வெட்டு 3 செ.மீ. என்றால் உருவம் 7 செ.மீ. வரை. வெட்டு மட்டும் தனியாக, பக்க அளவில் பாதியைத் தாண்டக் கூடாது. உருவத்தைப் பெட்டியின் முன்முகத்தில் மட்டும் ஒட்டுங்கள். பசை பெட்டியின் மடிப்பைத் தாண்டினால் அட்டை மூடாது.

கே: மைதாப் பசை இரண்டு நாளில் புளித்துவிடுகிறது. கெடாமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கலாமா?

ப: குழந்தைகள் கை வைக்கும் பசையில் கூடவே கூடாது, அது விஷம். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போலாகும் வரை கிளறி, அன்றைய தேவைக்கு மட்டும் செய்யுங்கள். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஆல்பத்துக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், மாவுப் பசைக்கு வெள்ளிப்பூச்சியும் பூஞ்சையும் தேடி வரும்.

கே: பஞ்சு டேப் இல்லாமல் படத்தைச் சற்று எழுப்பி ஒட்ட வழி உண்டா?

ப: பார்சல் பெட்டியின் நெளி அட்டையை 1 செ.மீ. சதுரங்களாக வெட்டி ஒட்டுங்கள், சுமார் 3 மி.மீ. எழும்பும். விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே வைத்தால் பழுப்பு நிறம் எட்டிப்பார்க்காது. வெட்டும் முன் கட்டர் பிளேடின் நுனியை ஒரு கண்ணி உடைத்துப் புதிதாக்கிக்கொள்ளுங்கள். மழுங்கிய பிளேடு நெளியை நசுக்கிவிடும், நசுங்கிய சதுரம் எழுப்பாது.