சி கார்டில் முதல் கம்பி ஏன் ஒலிக்கவில்லை?

வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறேன். வாய்ப்பாட்டு கற்றவள். ஜூன் மாதம் அகூஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். ஆறு வாரமாகியும் சி கார்டில் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) முதல் கம்பி 'டொக்' என்று அடங்கிப்போகிறது. சி-யிலிருந்து ஜி-க்குப் போவதற்குள் தாளம் தப்புகிறது. எனக்கு விரல்கள் குட்டை. அதுதான் காரணமா? எந்தக் கார்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?
எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ்.,

விரல் நீளம் காரணமில்லை. ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில் படுத்துக்கிடக்கிறது. அதன் அடிப்பகுதி முதல் கம்பியை, அதாவது மிக மெல்லிய கம்பியை, தொட்டு அடக்குகிறது. விரலின் நுனி மட்டும் செங்குத்தாக இறங்க வேண்டும். அதற்கு இடது கை நகங்களை ஒட்ட வெட்டியாக வேண்டும். ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பார்ப்பதற்காகக் கிட்டாரை மல்லாத்திப் பிடிக்கிறீர்களா என்றும் கவனியுங்கள். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு திருகிக்கொண்டு விரல்கள் தாமாகவே படுத்துவிடும். கிட்டார் நிமிர்ந்து நிற்கட்டும். கட்டைவிரல் கழுத்தின் பின்னால், நடுவிரலுக்கு நேராக இருக்கட்டும்.

விரலை ஃபிரெட் பட்டையை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால், கிட்டாரின் தலைப்பக்கமாக வையுங்கள். தள்ளி வைத்தால் 'சர்' என்று அதிரும், கூடுதலாக அழுத்தவும் வேண்டியிருக்கும். ஃபிரெட்டின் மேலேயே வைத்தால் ஒலி மழுங்கும். கார்டைப் பிடித்ததும் ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள். எது அடங்குகிறதோ அதற்குப் பொறுப்பான விரலை மட்டும் திருத்துங்கள். சி-யில் ஆறாம் கம்பியைத் தொட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் வலித்தால் கிட்டாரைச் சந்தேகியுங்கள். மழைக்காலத்தில் மும்பைக் காற்றின் ஈரம் மரத்தை உப்பவைக்கும், கம்பிகள் உயரும். 12-ஆம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பிக்குக் கீழே இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பழகுபவருக்கு அது அதிகம். இன்னொரு சோதனை: மூன்றாம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். அங்கே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு கட்டை) உயரம்; சி கார்டு கடினமாக இருப்பதற்கு அதுவே காரணமாகலாம். கிட்டாரைச் சரிசெய்து தருபவரிடம் கொடுங்கள், நீங்களே அரத்தால் ராவ வேண்டாம். மழை ஊறும் வெளிச்சுவரில் மாட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் வையுங்கள்.

இனி வரிசை. நான் சி-யில் தொடங்கச் சொல்ல மாட்டேன். இ மேஜர்தான் முதலில்: மூன்றாம் கம்பி முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல், நான்காம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் மோதிர விரல். ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டால் இ மைனர். பாட்டுக் கற்ற உங்கள் காதுக்கு இது உடனே பிடிபடும்: இ-யை சட்ஜமாக வைத்தால், அந்த ஒரு விரல் போனதும் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது. சட்ஜமும் பஞ்சமமும் அசையவில்லை.

இ மேஜரின் மூன்று விரல்களையும் அப்படியே மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு கம்பி நகர்த்தினால் ஏ மைனர். அதில் மோதிர விரலை மட்டும் ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குக் கொண்டுபோனால் சி. மற்ற இரண்டு விரல்களையும் தூக்கவே கூடாது. பலர் மூன்றையும் எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள், நேரம் அங்கேதான் போகிறது.

உங்கள் சி-ஜி சிக்கலும் இப்படியே தீரும். நடுவிரலும் மோதிர விரலும் ஆளுக்கு ஒரு கம்பி தடித்த பக்கம் ஏறட்டும்: ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃபிரெட், ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட். ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு, சுண்டுவிரலை முதல் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் வையுங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களால் ஜி பிடிக்கும் முறையும் உண்டு. சி-க்குப் போய்வர இதுவே எளிது. சுண்டுவிரல் முதலில் முரண்டு பிடிக்கும். ஒரு வாரம் பொறுங்கள்.

ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து, எத்தனை முறை தெளிவாக மாற முடிகிறது என்று எண்ணுங்கள். 30-ஐத் தொட்ட பிறகு நான்கு எண்ணிக்கைத் தாளத்தில், எண்ணிக்கைக்கு ஒன்றாக, மேலிருந்து கீழாக மட்டும் மீட்டுங்கள். விரல் தாமதமானாலும் வலது கை நிற்கக் கூடாது. நாளுக்கு 15 நிமிடம் போதும். நுனி எரிந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். டி கார்டை இதற்குப் பிறகு எடுங்கள். எஃப் இப்போது வேண்டாம்.