ஹெராத்தில் ஒரு தையல் அறை

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஒரு தன்னார்வ அமைப்பு வழியாக, ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் வீட்டிலேயே தையல் தொழில் நடத்தும் ஒரு பெண்ணுக்கு வாட்ஸாப்பில் ஆலோசனை சொல்லி வருகிறேன். அவருடைய தம்பி மொழிபெயர்க்கிறான். மூன்று மிஷின்தான், ஆனால் பதினோரு பெண்கள் வருகிறார்கள். பாதிப் பேருக்கு நேராகத் தைக்கவே வராது. வேலை தெரிந்த நாலு பேர் போதும் என்றால் சிரித்து மழுப்புகிறார். கடன் வாங்கி மோட்டார் மிஷின் போடச் சொன்னேன். இன்ஸ்டாகிராமுக்கு லோகோகூடச் செய்து கொடுத்தேன். எதற்கும் அசையவில்லை. வளர ஆசையில்லாதவரை எப்படி வளர்ப்பது?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

கடனையும் மோட்டாரையும் முதலில் முடித்துவிடுகிறேன். ஹெராத்துக்கு மின்சாரம் ஈரானிலிருந்தும் துர்க்மெனிஸ்தானிலிருந்தும் வருகிறது. அது நின்றாலும் மிதி மிஷின் ஓடும். கடன் வாங்கினால் தவணை கட்ட வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை. சரி, அது போகட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் பதினோரு பெண்கள். கொஞ்ச நாளாகவே என் மனதில் இருப்பவர்கள் அவர்கள்தான். தாலிபான் ஆளும் அந்த நாட்டில் இன்று பெண்பிள்ளைக்கு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது. 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவையும் மூடினார்கள். 2023 ஜூலையில் அழகு நிலையங்களை மூடினார்கள். பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பேச இருந்த இடமும் போயிற்று. 2024 ஆகஸ்டில் வந்த சட்டம், பெண்ணின் குரலே வெளியே கேட்கக் கூடாது என்கிறது. இத்தனையும் போக மிச்சம் இருப்பவற்றில் ஒன்று தையல். நீங்கள் என்னடாவென்றால், அந்த அறையிலிருந்து ஏழு பேரைக் கழிக்கச் சொல்கிறீர்கள்!

ஹெராத் என்று படித்ததுமே எனக்கு நினைவு வந்தது 'தங்க ஊசி' தையல் பள்ளி. 1995இல் தாலிபான் முதல்முறை அந்த நகரைப் பிடித்தபோது பெண்கள் படிப்பு நின்றது. இலக்கியப் பேராசிரியர் முகமது அலி ரஹ்யாப் வீட்டுக்குப் பெண்கள் பர்தா போட்டுக்கொண்டு தையல் பையோடு போவார்கள். மேலே துணியும் கத்தரியும், அடியில் நோட்டும் பேனாவும். உள்ளே இலக்கிய வகுப்பு. பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டே காவல் இருப்பார்கள். அங்கே படித்தவர்களில் ஒருவர் கவிஞர் நாதியா அஞ்சுமன். 2005இல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 25 வயது நிறையும் முன்பே இறந்துபோனார்.

உங்கள் தோழியின் அறையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்காதீர்கள், போனில் கேட்கவே கேட்காதீர்கள். வெறும் தையல் மட்டுமே நடந்தாலும் எனக்குப் போதும்.

என் அத்தை ஒருவர் திருமங்கலத்தில் வீட்டுத் திண்ணையில் தையல் கிளாஸ் வைத்திருந்தார். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திய பெண்கள்தான் வருவார்கள். ஒருத்தி பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருப்பாள், ஒருத்தி பிளவுஸுக்குக் கொக்கி வைப்பாள். குரல் நன்றாக இருக்கிறவள் சுவரில் சாய்ந்துகொண்டு வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பாள். கதை சூடு பிடித்ததும் மிஷின் சத்தம் நின்றுவிடும். அத்தை அதட்ட மாட்டார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவரும் கேட்பார். "நூல் வாங்குற காசுகூடத் தேறல" என்று மாமா மாதாமாதம் சொல்லுவார். அந்தத் திண்ணையில் வாசித்தவளே அப்புறம் பிரைவேட்டாகப் பத்தாவது எழுதிப் பாஸ் செய்து, சத்துணவு அமைப்பாளராகி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டாள். மாமா பார்த்த கணக்கில் இது வரவே வராது. நீங்கள் பார்க்கிற கணக்கும் மாமாவின் கணக்குதான், எம்.

அந்தப் பெண்ணுக்கு வளர ஆசையில்லை என்று எப்படி எழுத மனசு வந்தது? மூன்று மிஷினை வைத்துப் பதினோரு பேரைத் தாங்குகிறார். எவ்வளவு பெரிதானால் தெருவின் கண் படும் என்பது அவருக்குத்தான் தெரியும். இன்ஸ்டாகிராம் வேண்டவே வேண்டாம். ஒரு முகமோ ஜன்னலோ படத்தில் விழுந்தால், அனுபவிக்கப் போவது அவர்கள். நீங்கள் எழுதியிருந்த அவர் பெயரையும் தெருவையும் நீக்கிவிட்டுத்தான் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். இனி யாருக்கும் எழுதாதீர்கள்.

உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து, முகம் பார்த்திராத ஒருத்திக்காக உட்கார்ந்து யோசிக்கிறீர்களே, அது பெரிய மனசு. ஆனால் கையில் இருக்கிற சரக்கை விட்டுவிட்டு லோகோ கொடுக்கிறீர்கள். உங்கள் கம்பெனியில் முழுச் சட்டை தைக்கிறவர் எத்தனை பேர்? ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் பித்தான் என்றுதானே லைன் ஓடுகிறது? அதைச் சொல்லிக் கொடுங்கள். நேராகத் தைக்க வராதவள் பிசிர் வெட்டட்டும், பித்தான் வைக்கட்டும், இஸ்திரி போடட்டும். துணி வீணாகாமல் வெட்டுவது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தாளில் வரைந்து அனுப்புங்கள். ஆறாம் வகுப்பு வரை சின்னப் பெண்கள் இன்னும் பள்ளிக்குப் போகிறார்கள், கறுப்பு உடையும் வெள்ளை முக்காடுமாக. அந்தச் சீருடை அவர்கள் தைக்கக்கூடியதா, அக்கம்பக்கத்தில் ஆர்டர் கிடைக்குமா என்று கேளுங்கள். விலை போடும்போது பதினோரு பேர் கூலியையும், அவர் தன் கூலியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தன் கூலியை அவர் விட்டுவிடுவார். விடாமல் கேளுங்கள்.