கார்ட் போட்டால் 4கே ஓடுமா, பெட்டியையே மாற்றுவதா?

திருகோணமலை உப்புவெளியில் சிறிய ஸ்டூடியோ நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து பிரீமியர் புரோவில் எடிட் பண்ணுகிறார். 1080பி-யில் எடுத்த காலம் முழுக்கப் பிரச்சினை இல்லை. சோனி ஏ7 மார்க் 4 கமெரா வாங்கி 4கே-யில் எடுக்கத் தொடங்கியதும் டைம்லைன் நகர மறுக்கிறது. கம்பியூட்டர் கோர் ஐ5-4590, 8 ஜிபி ராம், ஒரு ஹார்ட் டிஸ்க். ஏதோ அலுவலகத்தில் பாவித்துக் கழித்த பிராண்ட் பெட்டி. கடைக்காரர் என்விடியா கம்பனியின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட் போடச் சொல்கிறார், நண்பர் பெட்டியையே மாற்றச் சொல்கிறார். கையில் உள்ள காசு கார்ட்டுக்குப் போதும், கொஞ்சம் பொறுத்துச் சேர்த்தால் புதுப் பெட்டிக்கும் போதும். எதைச் செய்வது?

தம்பி, அந்தக் கார்ட்டை வாங்காதீர்கள். அது நல்ல கார்ட்தான், ஆனால் உங்கள் பிரச்சினை அதனால் தீராது.

உங்கள் கமெராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்ற ஃபார்மட்டைத் தெரிவு செய்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது எச்.265, வீடியோவை மிகவும் சுருக்கி வைக்கும் முறை. அதிலும் 4:2:2 10பிட் என்று வைத்திருந்தால், நிறத் தகவல் அதிகம், ஃபைல் சிறியது, ஆனால் அதை விரித்துக் காட்டுவது கம்பியூட்டருக்குப் பெரிய பாரம். இந்த வேலைக்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கவேண்டும். 2014-ல் வந்த உங்கள் ஐ5-4590-ல் எச்.265-க்கு அது கிடையவே கிடையாது, அதனால் நான்கு கோர்களும் மூச்சுத் திணறி ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்குப் போட்டுப் பிரிக்கின்றன. சரி, ஆர்டிஎக்ஸ் 3060-ல் அந்தப் பகுதி இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் 4:2:2-க்கு இல்லை. எச்.265 4:2:2-ஐ என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது. ஆக 3060-ஐப் போட்ட பிறகும் அதே கிளிப் அதே மாதிரி இழுத்துக்கொண்டுதான் ஓடும், கலர் வேலையும் எஃபெக்ட்டும் மட்டும் கொஞ்சம் வேகமாகும்.

நான் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறந்து, ஃபார்மட் எச்இவிசி என்றும் குரோமா 4:2:2 என்றும் வருகிறதா பாருங்கள் (எச்இவிசி என்பதும் எச்.265-தான்). பிறகு அந்தக் கிளிப்பை டைம்லைனில் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். சிபியு 100-ஐத் தொட்டு, டிஸ்க் சும்மா இருந்தால் விஷயம் உறுதி. டிஸ்க்கை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், 4கே என்றதும் எல்லோரும் எஸ்எஸ்டி இல்லாததுதான் காரணம் என்பார்கள், ஆனால் செக்கனுக்கு 100 மெகாபிட் என்பது வெறும் 12.5 மெகாபைட், அதைப் பழைய ஹார்ட் டிஸ்க்கே சுலபமாகக் கொடுக்கும். இரண்டு மூன்று கமெரா ஃபைல்களை ஒன்றாக ஓட்டும்போதுதான் அது தடுமாறும். மெமரியையும் பாருங்கள், 8 ஜிபி நிரம்பித்தான் இருக்கும். 4கே வேலைக்கு அடோபியே 32 ஜிபி சொல்கிறது.

இப்போது காசு செலவில்லாத வழி. கமெராவை எக்ஸ்ஏவிசி எஸ் 4கே, 4:2:0 8பிட்டுக்கு (நிறத் தகவல் குறைவு) மாற்றுங்கள். அது எச்.265-க்கு முந்திய எச்.264, உங்கள் பழைய சிப்புக்குப் பழக்கமானது. கலியாண மண்டபத்தில், லைட் போட்டு, நிறம் சரியாக வைத்து எடுக்கும் வீடியோவுக்கு 8பிட் தாராளம். லாக் புரொஃபைலில், அதாவது நிறம் மங்கலாகத் தெரியும்படி, எடுத்துப் பிறகு நிறத்தைப் பலமாக இழுக்கிறவர்களுக்கும், கோணேசர் கோயில் திருவிழாவில் இரவு வெளிச்சமும் தீபமும் கலந்த காட்சிகளுக்கும்தான் 10பிட்டின் அருமை தெரியும். அப்படியானவற்றை மட்டும் 10பிட்டில் எடுத்து, எடிட்டுக்குப் புரொக்ஸி, அதாவது இலகுவாக ஓடும் தற்காலிகப் பிரதி, செய்துகொள்ளுங்கள். 1080பி புரோரெஸ் புரொக்ஸி, 25 ஃபிரேமில், ஒரு மணி நேர வீடியோவுக்கு ஏறக்குறைய 17 ஜிபி பிடிக்கும். உங்கள் பெட்டி அதைச் செய்ய இரவு முழுக்க எடுக்கலாம், எடுக்கட்டும், நீங்கள் தூங்கும்போதுதானே. காலையில் எடிட் வெண்ணெய் மாதிரி நகரும், ரெண்டர் பண்ணும்போது மூல ஃபைலில் இருந்தே எடுத்துக்கொள்ளும். முதல் கலியாண சீசனை இப்படியே ஓட்டிப் பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை, பலருக்கு இதுவே போதுமாகிவிடுகிறது.

ஆனாலும் அந்தப் பெட்டிக்கு இனிப் பெரிய காசு போடுவது வீண். அது டிடிஆர்3 ராம், வாங்கினால் அடுத்த பெட்டிக்குப் பொருந்தாது. இந்த மாதிரி அலுவலகப் பெட்டிகளில் பவர் சப்ளை பெரும்பாலும் 300 வாட்டுக்குக் கீழே இருக்கும், 3060-க்கு என்விடியா சொல்வது 550 வாட். பவர் சப்ளையை மாற்றலாம் என்று பார்த்தால் சில பிராண்ட் பெட்டிகளில் மதர்போர்ட் இணைப்பே வேறு மாதிரி. அப்புறம் விண்டோஸ் 10-க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, ஓரிரு சிப்பைத் தவிர, இன்டெலில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை அதிகாரபூர்வமாக ஏற்காது. வாடிக்கையாளருடைய கலியாண வீடியோக்கள் இருக்கும் மெஷின், அதையும் யோசிக்கவேண்டும்.

ஆகவே இப்போது ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், நாளைக்குப் புதுப் பெட்டிக்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடியதை மட்டும் வாங்குங்கள். ஒரு சாட்டா எஸ்எஸ்டி. பேக்கப்புக்கு வெளி ஹார்ட் டிஸ்க். யுபிஎஸ் இல்லையென்றால் அதுதான் முதலில், ரெண்டர் நடுவில் கரண்ட் போய் ப்ரொஜெக்ட் ஃபைல் கெட்டால் எந்தப் புதுச் சிப்பும் காப்பாற்றாது. போட்டோ அல்பமும் அடிக்கிறீர்கள் என்றால் நிறத்தைச் சரியாகக் காட்டும் நல்ல ஐபிஎஸ் மொனிட்டர்.

புதுப் பெட்டி என்று முடிவெடுத்தால் கோர் ஐ5-12400 போதும். 6 கோர், அதன் உள் கிராபிக்ஸ் எச்.265 4:2:2 10பிட்டை நேரடியாகப் பிரிக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அதே பெயரின் கடைசியில் எஃப் எழுத்து வரும் 12400எஃப் கொஞ்சம் மலிவு, கடைக்காரர்கள் அதைத்தான் அதிகம் காட்டுவார்கள், அதில் உள் கிராபிக்ஸ் இல்லை. கேம் விளையாடுகிறவருக்கு அது சரி, உங்களுக்கு வேண்டிய பகுதியே அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ரைசன் 5 5600-ம் வேகமான சிப்தான், ஆனால் அதிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் 8ஆம், 9ஆம் தலைமுறை அலுவலகப் பெட்டிகளும் 4:2:2-ஐப் பிரிக்காது, வாங்கினால் இதே கேள்வியோடு மறுபடி வருவீர்கள். ராம் 32 ஜிபி. முதலில் 16 போட்டாலும், இரண்டாவது குச்சிக்கு இடம் இருக்கும்படி போடுங்கள். தனிக் கார்ட் பிறகு வாங்கலாம், அவசரமில்லை.

கடற்கரைப் பக்கம் என்பதால் பெட்டியை ஜன்னலுக்கு நேரேயும் தரையிலும் வைக்காதீர்கள், உப்புக் காற்று இணைப்புகளைத் தின்றுவிடும்.

மாற்றுவதை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கலியாணம் இல்லாத மாதம், ஏதாவது ஒத்துவராவிட்டாலும் மாற்ற நேரம் இருக்கும். திருகோணமலையிலோ கொழும்பு யுனிட்டி பிளாசாவிலோ எங்கே வாங்கினாலும், உங்கள் சொந்த 4கே கிளிப் இரண்டைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். காசு கொடுப்பதற்கு முன், அதே சிப் போட்ட ஒரு மெஷினில் டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தைத் திறந்துவைத்து அந்தக் கிளிப்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வீடியோ டிகோட் வரைபடம் எழும்ப வேண்டும். அது அசையாமல் சிபியு மட்டும் ஏறினால், பில் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.