கிளையில் தொங்கும் காலணி

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிடிஎஸ் என்ற தென்கொரியப் பாட்டுக் குழுவின் தீவிர ரசிகை. சென்ற வாரம் அவர்களுடைய 'ஸ்பிரிங் டே' பாடலின் காணொளியைப் போட்டுக் காட்டினாள். பனி, ரயில், ஆளில்லாத கடற்கரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு அதற்கு விளக்கம் என்று இன்னொரு காணொளி. பாட்டு ஐந்தரை நிமிடம், விளக்கம் நாற்பது நிமிடம்! ரயில் என்றால் சாவாம், ஸ்வெட்டரின் நிறம் ஆவியைக் குறிக்குமாம், மொத்தப் பாடலும் ஒரு கப்பல் விபத்தைப் பற்றியதாம். "இதெல்லாம் நீங்களாகக் கற்பனை செய்துகொள்வது" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

உண்மையிலேயே இவ்வளவும் அந்தப் பாட்டில் இருக்கிறதா? கோடிகளில் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம் அங்கொரு கதையையும் இங்கொரு சினிமாவையும் தொட்டுக்கொண்டால் அது கலையாகிவிடுமா?

ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மகளிடம் சமாதானமாகப் போய்விடுங்கள். அவள் சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில் ஸ்வெட்டர் வருகிறது; அதில் நான் உங்கள் கட்சி.

ஒரு படைப்பில் ஒரு பொருள் எதையோ குறிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். படைத்தவர்கள் வேறொன்றைத் தாங்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்களா? கூப்பிட்டு வந்தவை தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனவா? ஸ்வெட்டரை யாரும் கூப்பிடவில்லை. குளிருக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தக் காணொளியில் இரண்டு பெயர்கள் வெளிப்படையாகவே வருகின்றன. ஒன்று ஒரு விடுதியின் நியான் பலகையில் எரிகிறது: ஓமெலாஸ். இன்னொன்று பாட்டின் வரியிலேயே இருக்கிறது. 'தனித்து விடப்பட்ட பனிநாட்டு ரயில்' என்று அந்த வரியைச் சொல்லலாம். கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2013-இல் எடுத்த 'ஸ்னோபியர்சர்' படத்தின் கொரியத் தலைப்பு அந்தப் 'பனிநாட்டு ரயில்'தான்.

ஓமெலாஸ் என்பது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973-இல் எழுதிய சிறுகதையில் வரும் நகரம். அங்கே குறை என்று ஒன்று இல்லை. கோடைத் திருவிழா, மணியோசை, குதிரைப் பந்தயம். ஆனால் அந்த ஊரின் ஒரு கட்டடத்துக்கு அடியில், சன்னல் இல்லாத அறையில், ஒரு குழந்தை அழுக்கிலும் பசியிலும் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஊரின் மகிழ்ச்சி முழுவதும் அந்தக் குழந்தை அங்கே கிடப்பதால்தான் நிலைத்திருக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஓரளவு வயது வந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள், சிலர் நேரில் போய்ப் பார்க்கவும் செய்கிறார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அழுதுவிட்டு, பிறகு சமாதானமாகிவிடுகிறார்கள். யாரோ ஓரிருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் ஊரை விட்டு நடந்து போய்விடுகிறார்கள்.

இனி 'ஸ்னோபியர்சர்' படத்தைப் பாருங்கள். உறைந்துபோன உலகத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் ரயில். முன்பெட்டிகளில் விருந்து, வால்பெட்டிகளில் பட்டினி. கடைசியில் என்ஜின் அறையின் தரைப்பலகையைப் பெயர்த்தால் உள்ளே ஒரு சிறுவன். தேய்ந்துபோன உதிரிபாகத்துக்குப் பதிலாக வால்பெட்டியிலிருந்து பிடித்துவந்த பிள்ளை, வெறுங்கையால் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

முதல் தடவை பார்த்தபோது ரயிலைச் சும்மா அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் உறைத்தது. இரண்டிலும் தரைக்கு அடியில் ஒரு குழந்தை இருக்கிறது. மேலே இருப்பவர்களின் வாழ்க்கை தடையில்லாமல் ஓடுவதற்காக அது அங்கேயே அசையாமல் இருந்தாக வேண்டும்.

இப்போது கப்பலுக்கு வருகிறேன். 2014 ஏப்ரல் 16 காலை, இஞ்சியோனிலிருந்து ஜெஜு தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'செவோல்' என்ற கப்பல் தென்கொரியாவின் தென்மேற்குக் கடலில் சாய்ந்து மூழ்கியது. கப்பலில் 476 பேர். இறந்தவர்கள் 304 பேர். அதில் 250 பேர் அன்சான் நகரத்து டான்வோன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து சுற்றுலா கிளம்பிய மாணவர்கள். அளவுக்கு மீறிய சரக்கு, கூடுதல் வருமானத்துக்காக மாற்றிக் கட்டிய மேல்தளம். கப்பல் சாயத் தொடங்கிய பிறகும் ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: இருக்கும் இடத்திலேயே அசையாமல் இருங்கள். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகள் அறைகளிலேயே இருந்தார்கள். கப்பல்தலைவர் முதலில் மீட்கப்பட்டவர்களோடு கரைக்கு வந்துவிட்டார். 'அசையாமல் இரு' என்ற அந்த வாக்கியத்தைப் பிறகு கொரியர்கள் பதாகைகளில் எழுதித் தெருவுக்கு எடுத்துவந்தார்கள்.

அடித்தளத்தில் ஒரு குழந்தை, தரைப்பலகைக்குக் கீழே ஒரு சிறுவன், கப்பல் அறைக்குள் மாணவர்கள். மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வெளிப்படையான அடையாளங்களும் இருக்கின்றன. ஓடாத குடைராட்டினத்தில் மஞ்சள் ரிப்பன்கள் கட்டியிருக்கின்றன. கொரியாவில் அந்த ஆண்டிலிருந்து மஞ்சள் ரிப்பன் என்றால் செவோல்தான். சட்டையில் குத்திக்கொண்டாலே எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். கடற்கரையில் குழுவின் ஜிமின் ஒரு ஜோடி காலணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். உடல் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் பெங்மோக் துறைமுகத்துக் கரையில் புதுக் காலணிகளை வாங்கி வைத்துக் காத்திருந்த படங்களைப் பார்த்த ஒரு கொரியருக்கு இந்தக் காட்சிக்கு விளக்கக் காணொளி தேவைப்பட்டிருக்காது. முடிவில் பனிவெளியில் ஓர் ஒற்றை மொட்டை மரம் வருகிறது. அதன் கிளையில் காலணி தொங்குகிறது.

ஆனால் பாட்டின் வரிகளில் எந்த இடத்திலும் கடல் இல்லை, கப்பல் இல்லை. நிறுவனமும் வாய்திறந்து எதையும் சொல்லவில்லை. 2020-இல் எஸ்குவயர் இதழ் நேராகவே கேட்டபோது, குழுவின் மூத்தவரான ஜின், ஒரு துயரச் சம்பவத்தைப் பற்றியதுதான், ஏக்கத்தைப் பற்றியதும் கூட என்ற பொருளில் பதில் சொல்லி நிறுத்திக்கொண்டார். ஏன் இந்த அடக்கம் என்று உங்கள் மகள் கேட்டால் காலத்தைச் சொல்லுங்கள். பாடல் வந்தது 2017 பிப்ரவரி 13. பார்க் குன்-ஹே அரசு தனக்குப் பிடிக்காத கலைஞர்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்தது அப்போதுதான் அம்பலமாகியிருந்தது. 9,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். செவோலுக்காகக் குரல் கொடுத்தவர்களும் அதில் உண்டு, போங் ஜூன்-ஹோவும் உண்டு. நாடாளுமன்றம் டிசம்பரிலேயே அதிபர்மீது பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்பு மார்ச் 10-இல்தான் வந்தது. அதே மார்ச் மாதத்தில்தான் கப்பலும் மேலே தூக்கப்பட்டது. பாடல் வெளியானபோது செவோல் இன்னும் கடலடியில் கிடந்தது.

காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிக்கு இந்த விவரம் எதுவும் வேண்டாம். தொடக்கத்தில் குழுவைச் சேர்ந்த வி என்ற இளைஞர் பனி மூடிய ஒரு ரயில் நிலையத்துக்கு வருகிறார். சுற்றிலும் ஒருவரும் இல்லை. தண்டவாளத்தில் இறங்கிக் குனிந்து, தலையைச் சாய்த்து, இரும்பின்மேல் காதை வைக்கிறார். ரயில் வருகிறதா என்று பார்க்க நம் ஊர்ப் பிள்ளைகளும் செய்கிற காரியம்தான். வீட்டுக்குத் தெரிந்தால் உதை விழும். அது சியோலுக்கு வடக்கே உள்ள இர்யோங் நிலையம். 2004-லேயே பயணிகள் ரயில் நின்றுபோய், காணொளி எடுத்த காலத்தில் வெறிச்சோடிக் கிடந்த இடம். ரயில் வராத பாதையில் காதை வைத்துக் கேட்கிறார் அவர். காத்திருப்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிவிட முடியுமா என்று தெரியவில்லை.

இசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இது ஒப்பாரியாக ஆகியிருக்க வேண்டிய பாட்டு. ஆகவில்லை. மெல்லிய கீபோர்டு ஒலியில் தொடங்குகிறது. குழுவின் ஆர்எம்மின் தாழ்ந்த குரல் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்கிறது. பிறகு டிரம்ஸ் நுழைகிறது, பிரிட்டிஷ் ராக் பாணியில் கிதார் பரவுகிறது, அதற்குப் பின் தாளம் நிற்பதே இல்லை. வேகமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. சன்னலோரம் உட்கார்ந்து நீண்ட தூரம் போகும்போது உடம்பில் ஏறிக்கொள்ளும் ரயிலின் சீரான ஆட்டம் அது. துக்கம் மேலே, பயணம் கீழே. சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்: வெறும் பனிக்காட்சி.

பாட்டின் முதல் சொற்கள் 'பொகோ சிப்தா'. ஆங்கிலத் துணையுரைகளில் இதை 'மிஸ் யூ' என்று போடுகிறார்கள், பாதி போய்விடுகிறது. சொல்லுக்குச் சொல் இதன் பொருள் 'பார்க்க வேண்டும்' என்பதுதான். பிரிந்திருப்பவரைப் பற்றி நாமும் இப்படித்தான் சொல்கிறோம்: உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இழந்ததைச் சொல்லக் கொரியனும் தமிழும் கண்ணைத்தான் கூப்பிடுகின்றன. அதனால் அடுத்து வரும் வரி நமக்கு அப்படியே புரியும்: உங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இங்கே 'உங்கள்' என்று நான் எழுதியது மரியாதைக்காக இல்லை. மூலத்தில் இருப்பது 'நொஹுய்' என்ற சொல். நெருக்கமானவர்களை, சிறியவர்களை, பலராகச் சேர்த்துக் கூப்பிடும் பன்மை. காதலியைப் பிரிந்தவன் பாடுகிற பாட்டில் இந்தப் பன்மைக்கு வேலை இல்லை. ஒரு வகுப்பறையையே பார்த்துப் பேசுகிற சொல் அது. நாற்பது நிமிட விளக்கக்காரர்கள் ஸ்வெட்டரை விட்டுவிட்டு இந்த ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

பருவமும் சும்மா வரவில்லை. செர்ரி பூப்பது போலிருக்கிறது, குளிர்காலம் முடியப் போகிறது என்று பாட்டு ஓரிடத்தில் சொல்கிறது. குறுந்தொகையில் கொன்றை பூத்துவிட்டதைப் பார்த்துத் தலைவி கலங்குகிறாள். அவன் வருவதாகச் சொன்ன பருவம் அது. இது பருவமழை இல்லை, மடக் கொன்றை ஏமாந்து பூத்திருக்கிறது என்று தோழி சமாளிக்கிறாள். பருவம் வந்தும் ஆள் வரவில்லை என்றால் பூவைத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கிளம்பியது ஏப்ரலில், செர்ரி பூக்கும் காலத்தில். அந்தப் பெற்றோருக்கு வசந்தம் வருவது நல்ல செய்தியாக இருக்க முடியாது. பாட்டு அதைத் தெரிந்துகொண்டேதான் 'வசந்த நாள்' என்று தலைப்பு வைத்திருக்கிறது.

எனக்கு உறுதிப்படாத ஒன்றும் உண்டு. காணொளியில் மலைபோலக் குவிந்த பழைய துணிகள் வருகின்றன. கிறிஸ்டியன் போல்தான்ஸ்கி என்ற பிரெஞ்சுக் கலைஞர் 2010-இல் பாரிஸின் கிராண்ட் பாலேயில் இப்படித்தான் டன் கணக்கில் துணிகளைக் குவித்து வைத்தார். அணிந்தவர் இல்லாத உடை என்பது அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்த படிமம். பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பலகையும் இல்லை, வரியும் இல்லை. ஒற்றுமை என்று சொல்வேன், மேற்கோள் என்று சொல்லமாட்டேன்.

வியாபாரம்தானே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், வியாபாரம்தான். இந்தப் பாடல் உள்ள ஆல்பத்தை விற்றார்கள், அதற்கான படங்களில் வந்த பேருந்து நிறுத்தத்தைக்கூட இன்று மக்கள் தேடிப்போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிற்காலக் காணொளிகள் சிலவற்றில் ஓவியமும் தத்துவமும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பொம்மைகள்போல இருக்கின்றன என்பது என் எண்ணம். உங்கள் மகள் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆனால் பாடல் வெளியாவதற்கு முந்தைய மாதம் குழுவினரும் நிறுவனமும் சேர்ந்து செவோல் குடும்பங்களுக்கு 10 கோடி வோன் கொடுத்திருந்தார்கள். கறுப்புப் பட்டியல் நடைமுறையில் இருந்த ஊரில் அது விற்பனைக்கு உதவும் காரியம் இல்லை. கோயில் கட்டியவனும் கூலி வாங்கிக்கொண்டுதான் கட்டினான், சிற்பத்தை நாம் அதற்காகக் குறைத்து மதிப்பதில்லை.

லெ குவினின் கதை சில பக்கங்கள்தான். இருவருமாகச் சேர்ந்து படியுங்கள். படித்த பிறகு காணொளியை மறுபடியும் ஓடவிட்டு, யார் யார் எங்கிருந்து வெளியே நடக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

இன்னொன்று. டான்வோன் பள்ளியிலிருந்து போனவர்கள் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவர்கள். நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. பெரும்பாலோர் 1997-இல் பிறந்தவர்கள். மஞ்சள் ரிப்பன் கட்டிய குடைராட்டினத்தின் முன்னால் வந்து நிற்கும் ஜங்குக்தான் குழுவில் இளையவர். அவர் பிறந்ததும் 1997-இல்.