மெயில் எங்கே இருக்கிறது? அவுட்லுக், தண்டர்பேர்ட் கேள்வி பதில்

கேள்வி: கணினியில் அவுட்லுக்கைத் திறந்தால் போதும், அதன்பின் மொபைலில் அந்த மெயில்களைக் காணோம். யாராவது என் கணக்கில் நுழைகிறார்களா?

பதில்: பயப்படாதீர்கள், திருட்டு மாதிரி தெரியவில்லை. மெயிலைக் கணினிக்குக் கொண்டுவர பாப் (POP), ஐமேப் (IMAP) என்று இரண்டு முறைகள் உண்டு. உங்கள் கணக்கு பாப் முறையில் போடப்பட்டிருக்கும். பாப் என்பது தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போவது மாதிரி. சர்வரிலும் (மெயில் நிறுவனத்தின் கணினியிலும்) ஒரு பிரதியை விட்டுவை என்று அமைப்பில் சொல்லாவிட்டால் பெட்டி காலி. ஐமேப்பில் கடிதம் சர்வரிலேயே இருக்கும், கணினியும் மொபைலும் அதைப் பார்க்கும்.

ஐமேப்புக்கு மாறுங்கள். ஆனால் அவசரப்பட்டுப் பழைய கணக்கை நீக்க வேண்டாம். இதுவரை இறங்கிய மெயில் எல்லாம் உங்கள் கணினியில் உள்ள பிஎஸ்டி (.pst) கோப்பில், அதாவது அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. அவுட்லுக்கை மூடிவிட்டு அதை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். அப்புறம் ஐமேப் கணக்கைச் சேர்த்து, பழைய மெயில்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் ஃபோல்டர்களுக்குள் இழுத்து விடுங்கள். மொபைலில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கட்டு மெயில்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நகல் எடுக்காமல் விண்டோஸை மறுபடி போட்டு, நான்கு வருட வியாபாரக் கடிதங்களை இழந்தார். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: ஐமேப் இருந்தால் பேக்கப் வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். ஓர் இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீசில் வேலை. பழைய பிஎஸ்டி 2 ஜிபியைத் தொட்டதும் திறக்க மறுக்கிறது. தமிழ்த் தலைப்புகளும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அவுட்லுக் 97 முதல் 2002 வரை இருந்த கோப்பு வடிவம் அது. அதன் வரம்பே 2 ஜிபிதான், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் காட்டும் யூனிகோடும் கிடையாது. 2003 பதிப்பில் யூனிகோட் வடிவம் வந்தது. 2010இல் வரம்பு 50 ஜிபி ஆனது. புது அவுட்லுக்கில் திறந்தாலும் பழைய கோப்பு பழையதாகவே இருக்கும். நகல் எடுத்துவிட்டு, பிஎஸ்டியைச் சரிசெய்யும் இன்பாக்ஸ் ரிப்பேர் டூலை (scanpst.exe) ஓட்டுங்கள். திறந்தால், புதிதாக ஒரு பிஎஸ்டி உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியான எழுத்துகள் மட்டும் திரும்பாது.

கேள்வி: தண்டர்பேர்டில் ஆயிரக்கணக்கில் அழித்தேன். டிஸ்க்கில் இடம் கூடவில்லையே?

பதில்: அதில் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதும் ஒரே கோப்பாக இருக்கும். அழித்தால் அழித்ததாகக் குறி மட்டும் விழும். குப்பையைக் காலி செய்து, ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுங்கள், அப்போதுதான் இடம் திரும்பும்.

கேள்வி: மெயிலில் வரும் வேலைகளை மறந்துவிடுகிறேன்.

பதில்: கிளாசிக் அவுட்லுக்கில் (விண்டோஸில் உள்ள பழைய வகை அவுட்லுக்கில்) மெயிலை இழுத்து காலண்டர் ஐகான் மேல் விடுங்கள். அந்த மெயில் உள்ளேயே இருக்க, ஒரு சந்திப்பு திறக்கும். நேரத்தைக் குறித்தால் சரி.

கேள்வி: முகவரிப் பட்டியலை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) எடுத்து எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து நிற்கின்றன.

பதில்: பெயர்கள் பத்திரமாகத்தான் இருக்கும், எக்செல்தான் தவறாக வாசிக்கிறது. இருமுறை கிளிக் செய்து திறக்காமல், எக்செலின் டேட்டா பகுதி வழியாகக் கொண்டுவந்து, எழுத்து முறை கேட்கும் இடத்தில் 65001 யூடிஎஃப்-8 (யூனிகோட்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிதைந்து தெரியும்போது மட்டும் சேமித்துவிடாதீர்கள்.