மீட்டிங்கில் பாஸின் கணக்குத் தப்பைச் சொன்னேன், அதிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன்?

தம்பி, நீங்கள் சொன்ன கணக்கு சரிதான், சொன்ன இடம்தான் சரியில்லை. கோலாலம்பூரில் தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ, நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தால் லேசில் மறக்கமாட்டார்கள். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1955-இலேயே இதை விளக்கியிருக்கிறார்: முகம் என்பது மற்றவர்கள் நம்மை நடத்தும் விதத்தில் நமக்குக் கிடைக்கும் மதிப்பு, அதனால்தான் அவர்களால் அதைப் பறிக்கவும் முடிகிறது. தப்பு சின்னதா பெரிதா என்பதைவிட யாரெல்லாம் பார்த்தார்கள் என்பதுதான் உறுத்தும்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிச் சாப்பாட்டுக் கடைகளில் கவனியுங்கள். பெரியவர் ஒருவர் பில் கட்டப் பணம் போதாமல் பர்ஸைத் துழாவினால், கூட வந்தவர் கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவில் கட்டிவிட்டு வந்து, "அடுத்த தடவை நீங்க கட்டுங்கண்ணே" என்பார். எவ்வளவு பெரிய மரியாதை அது!

சரி, இப்போது என்ன செய்வது? மீட்டிங்கில் மன்னிப்புக் கேட்காதீர்கள், பழையதைக் கிளறியது போலாகிவிடும். தனியாகப் போய், "பாஸ், முதலில் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அப்புறம் அவர் நன்றாகச் செய்த ஒன்றை, உண்மையாகவே செய்திருந்தால் மட்டும், எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.